கம்ப்ரசரைக் கழற்றிய கதை

"ஏ.சி. ஓடறதில்லை. கம்ப்ரசர் மட்டும் சும்மா தொங்கிக்கிட்டிருக்கு. கழட்டிப் போட்டுடலாமா?"

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ இன்னும் விடாப்பிடியாக வைத்திருக்கும் நம் சங்கத்து நண்பர்கள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக உட்கார்ந்துகொண்டுகூடக் கேட்டிருக்கிறார்கள். 'கழட்டலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரசத்துக்குப் போய்விடலாம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எண்பது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பானரை எடுப்பது சரியில்லை என்பது என் கட்சி. மலர்க் குழுவினர் "ஆட்டோமொபைல் சம்பந்தமா ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டதும், பந்தியில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கம்ப்ரசரைக் கழற்றும் யோசனை கார் ஏ.சி. பிறந்த அன்றைக்கே கூடப் பிறந்தது என்றால் நம்புவீர்களா? காரில் கம்பெனியே ஏ.சி. வைத்து விற்றது முதன்முதலில் அமெரிக்காவின் பாக்கார்டு. 1940 மாடல் கார்களில் 'வெதர் கண்டிஷனர்' என்ற பெயரில் வந்தது. விலை 274 டாலர். அந்தக் காலத்தில் சாதாரணக் கார் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! குளிர்விக்கும் காயிலும் காற்றாடியும் பின்னால் டிக்கியில் இருந்தன. பெட்டி வைக்கும் இடத்தில் பாதி போயிற்று. குளிர்ந்த காற்று பின் சீட்டில் இருப்பவரின் பிடரியில் அடிக்கும். முன்னால் டிரைவருக்கு வியர்வைதான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்ப்ரசரை நிறுத்த ஒரு வழியும் இல்லை என்பதுதான் பெரிய சங்கடம். எஞ்சின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடும். குளிர் அதிகமானால் காற்றாடியைக் குறைக்கலாம், அவ்வளவுதான். குளிர்காலம் வந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கையால் கழற்றி எடுத்துவிட வேண்டியது. கோடை வந்ததும் திரும்ப மாட்ட வேண்டியது. உபயோகம் இல்லாத கம்ப்ரசரை எஞ்சினிலிருந்து பிரிக்கிற வேலை இப்படித்தான் ஆரம்பமாயிற்று. பாக்கார்டு இந்த வியாபாரத்தை 1941-லேயே கைவிட்டது. காடிலாக் அந்த வருஷம் கொஞ்சம் முயன்றது. பிறகு யுத்தம் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் பாலைவன மாநிலங்களில் கார் ஜன்னலுக்கு வெளியே உருளை மாதிரி ஒன்றை மாட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று ஈரத்தில் புகுந்து குளிர்ந்து உள்ளே வரும். நம்ம ஊரில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துத் தொங்கவிடுவது இருக்கிறதே, அதே தத்துவம்தான். அரிசோனாவின் வறண்ட காற்றுக்கு அது எடுபடும். சென்னையின் புழுக்கத்தில் ஏற்கெனவே ஈரம் சொட்டுகிற காற்றை இன்னும் நனைத்து என்ன பிரயோஜனம்?

யுத்தம் முடிந்து 1953-ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மறுபடி ஏ.சி. கார்களை விற்கத் தொடங்கின. ஆனால் நான் முக்கியமாக நினைப்பது 1954. அந்த வருஷம் நாஷ் என்ற கம்பெனி சூடு, குளிர் இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாவற்றையும் வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கி, சுமார் 60 கிலோ எடைக்குள் ஒரு ஏ.சி.யைக் கொண்டுவந்தது. விலை 345 டாலர். அது வந்த காரின் பெயர் என்ன தெரியுமா? அம்பாசடர்! (நம்ம உத்தரபாரா அம்பாசடருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. நம்முடையது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சம்.) நாஷ் காரின் கம்ப்ரசர் முன்னால் ஒரு மின்காந்தக் கிளட்ச் இருந்தது. பட்டனைப் போட்டால் கம்ப்ரசர் சேரும், எடுத்தால் விலகும். பெல்ட்டைக் கழற்ற பானெட்டைத் திறக்கும் காலம் முடிந்தது.

இந்த இடத்தில் மாணவத் தம்பிகள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கிளட்ச் விலகினால் கம்ப்ரசரின் ஷாஃப்ட்டுதான் நிற்கும், புல்லி நிற்காது. எஞ்சின் ஓடும் வரை பெல்ட் ஓடும், பெல்ட் ஓடும் வரை புல்லி தன் பேரிங்கின் மேல் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ஏ.சி. பத்து வருஷமாக ஓடவில்லை என்றால் அந்தப் பேரிங் பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்கு இதற்கு நேர்மாறான வியாதி. அது சுற்றாததால் அதன் சீலில் எண்ணெய் படியாது. எண்ணெய் இல்லாத சீல் காய்ந்து சுருங்கும், கேஸ் கசியும். அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் "மார்கழியானாலும் வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஏ.சி.யைப் போட்டு விடுங்க சார்" என்பார்கள். சும்மா வைத்திருக்கிற கம்ப்ரசர் ஒரு பக்கம் ஓடித் தேய்கிறது, மறுபக்கம் ஓடாமல் கெடுகிறது. மனிதர்களிலும் இப்படிச் சிலர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் 1950-களில் டெக்ஸாஸ் பக்கத்துச் சிறு கம்பெனிகள் வேறொரு வழி கண்டன. ஏ.சி. இல்லாமல் வந்த காருக்கு வெளியிலிருந்து ஒரு 'செட்' வாங்கி மாட்டுவது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி தொங்கும். ஏறி இறங்கும்போது முழங்காலில் இடிக்கும் என்பதால் அங்கே அதற்கு 'முட்டியிடிப்பான்' என்று அர்த்தம் வரும் செல்லப் பெயரே உண்டு. நம் நாட்டு அம்பாசடர்களிலும் பத்மினிகளிலும் வந்து சேர்ந்தது இந்த வம்சம்தான். கம்பெனியிலிருந்து வெறும் வண்டியாக வரும். பட்டறையில் கிராங்க் புல்லியை எடுத்துவிட்டு இரட்டைக் காடி உள்ள புல்லியைப் போடுவார்கள். எஞ்சின் பக்கத்தில் ஒரு கனமான பிராக்கெட்டைப் பூட்டி அதன் மேல் கம்ப்ரசர். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர். டாஷ்போர்டுக்குக் கீழே கூலிங் காயில் பெட்டி. டைனமோ உள்ள வண்டியென்றால் கரண்ட் போதாமல் ஆல்டர்நேட்டருக்கு மாற வேண்டும். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினே 50 குதிரைத் திறன் அளவுதான். கம்ப்ரசர் முழு மூச்சில் ஓடும்போது மூன்று, நான்கு குதிரைகளைத் தின்றுவிடும். 1089 சி.சி. பத்மினிக்கு இன்னும் கஷ்டம். மேம்பாலம் ஏறும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டு, இறங்கும்போது போட்டுக்கொள்கிற டிரைவர்களை அந்தக் காலத்து ஆட்களெல்லாம் பார்த்திருப்பார்கள்.

கம்ப்ரசர்களிலும் ஜாதி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஹாரிசன் ஏ-6, 1962-லிருந்து வந்தது. ஆறு சிலிண்டர், தனியாகவே 16 கிலோ அளவு. யார்க் கம்பெனியின் இரண்டு சிலிண்டர் கம்ப்ரசர் பார்ப்பதற்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அடியில் தனக்கென்று எண்ணெய்த் தொட்டி வைத்திருக்கும். பின்னால் வந்தது ஜப்பானின் சாங்க்யோ (பிற்பாடு சாண்டன்). ஐந்து பிஸ்டன், உருண்டையாக, அடக்கமாக இருக்கும். இந்த வித்தியாசம் கழற்றிய பிறகு உபயோகப்படும், அப்போது சொல்கிறேன்.

இனி கேஸுக்கு வருவோம். கதையின் உயிர்நாடி அதுதான்.

1920-களின் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்தவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மீதைல் குளோரைடு. எல்லாம் விஷம், கசிந்தால் ஆளையே கொல்லும். ஆபத்தில்லாத கேஸ் ஒன்று வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் தாமஸ் மிட்ஜ்லி என்பவரிடம் வேலையைக் கொடுத்தது. அவர் படித்தது ரசாயனம் அல்ல. நம்மைப் போல மெக்கானிக்கல். அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து குளோரினும் ஃப்ளூரினும் கலந்த கேஸ்களைப் பிடித்தார்கள். 1930-ல் அமெரிக்க ரசாயனச் சங்கக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்தக் கேஸை மூச்சில் இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீப்பற்றவும் இல்லை! அதுதான் 'ஃப்ரியான்'. அதில் கார்களுக்கு வந்தது ஆர்-12. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியை 1921-ல் கண்டுபிடித்தவரும் இதே மிட்ஜ்லிதான். ஈயப் பெட்ரோல் நம் நாட்டில் 2000-ல்தான் ஒழிந்தது. ஒரே மனிதர், இரண்டு கண்டுபிடிப்பு. இரண்டையும் திரும்பப் பெற உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆர்-12 கெடாது, எரியாது, எதனோடும் சேராது. இதுவே அதன் பெருமையாக இருந்தது. 1974-ல் மொலினா, ரோலண்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தப் பெருமைதான் ஆபத்து என்று காட்டினார்கள். கீழே எதிலும் கரையாமல் தப்பிக்கிற கேஸ், மெல்ல மெல்ல மேலே போய்ச் சேரும். அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடையும். உடைந்து வெளிவரும் குளோரின் ஓசோனைத் தின்னும். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோனில் ஓட்டை என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்ததும் உலகம் பதறிற்று. 1987 செப்டம்பர் 16-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் குருட்சனோடு சேர்த்து 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியா உடனே கையெழுத்துப் போடவில்லை. ஓசோனைக் கெடுத்தவர்கள் பணக்கார நாட்டுக்காரர்கள். நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்பது நம் வாதம். நியாயமான வாதம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். 1990 லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி தொழில்நுட்பமும் நிதியும் கேட்டு வாதாடினார். அந்தக் கூட்டத்தில்தான் வளரும் நாடுகளுக்கான நிதி ஏற்பாடு உருவாயிற்று. 1992-ல் இந்தியா சேர்ந்தது. பணக்கார நாடுகள் ஆர்-12 தயாரிப்பை 1995 முடிவோடு நிறுத்தின. நமக்கு 2010 வரை அவகாசம். நாம் அதற்கு முன்பே, 2008 ஆகஸ்ட் 1-ல், ஆஸ்துமா மருந்துக் குப்பிகளுக்கு வேண்டியதைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டோம். இந்த வகைக் கேஸைத் தயாரித்த நான்கு இந்தியக் கம்பெனிகளில் ஒன்று நம்ம மேட்டூரில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து பழைய கார் ஏ.சி.கள் அநாதையாகிவிட்டன. புது வண்டிகளுக்கு வந்த ஆர்-134ஏ கேஸை அப்படியே பழையதில் ஊற்றிவிட முடியாது. பழைய கம்ப்ரசரில் இருக்கும் மினரல் எண்ணெயோடு அது கலக்காது. எண்ணெய் எங்கேயோ தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து இறுகும். அதன் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர் ஹோஸ் வழியாகக் கசியும். டிரையர் மாற்ற வேண்டும், ஓ-ரிங் மாற்ற வேண்டும். வெயில் நேரத்தில் அழுத்தம் அதிகமாகும். பழைய சின்னக் கண்டென்சர் தாங்காது. இத்தனையும் செய்வதற்கான செலவைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் "வேணாம், அப்படியே கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். இப்படித்தான் ஆயிரக்கணக்கான கம்ப்ரசர்கள் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்ற ஆரம்பித்தன.

கழற்றினால் என்ன லாபம்? இங்கே ஒரு மூடநம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. "மைலேஜ் கூடும்" என்பார்கள். கூடாது. கிளட்ச் விலகியிருக்கும் கம்ப்ரசர் எடுத்துக்கொள்வது ஒரு பேரிங்கின் உராய்வு மட்டும். செட் முழுவதும் சேர்ந்து ஒரு சிப்பம் அரிசி எடை இருக்கும். மாமியாரை இறக்கிவிட்டால் அதைவிட அதிகம் மிச்சம். உண்மையான காரணங்கள் வேறு. சும்மா சுற்றும் பேரிங் ஒரு நாள் இறுகும். பெல்ட் தீய்ந்து அறுந்து பக்கத்துப் பெல்ட்டில் சிக்கினால் வாட்டர் பம்ப் நிற்கும். எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் போகும். இன்னொன்று, கண்டென்சர். ஏ.சி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ரேடியேட்டரின் முகத்தில் திரை போட்டு நிற்கிறது. தூசியும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் காற்றே போகாது. பழைய வண்டி டிராஃபிக்கில் கொதிக்கிறது என்று ரேடியேட்டரை மூன்று தடவை பிரித்துச் சுத்தம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் நிற்கும் கண்டென்சரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2012 புரட்டாசியில் என் வகுப்புத் தோழர் ஒருவருடைய அம்பாசடர் மார்க்-4 இப்படித்தான் என்னிடம் வந்தது. அவருடைய அப்பா 1986-ல் வாங்கியது. இரண்டு வருஷம் கழித்து யார்க் கம்ப்ரசரோடு ஏ.சி. செட் மாட்டியிருந்தார். 2009-லிருந்து ஏ.சி. ஓடவில்லை. வண்டி சிக்னலில் நின்றாலே முள் சிவப்புக்குப் போகிறது. தோழர் தன் வழக்கமான மெக்கானிக்கையும் கூடவே அழைத்து வந்திருந்தார். அந்தப் பையன் கெட்டிக்காரன், சுறுசுறுப்பு. நான் காபி குடித்து முடிப்பதற்குள் பெரிய ஸ்பானரை எடுத்து ஹோஸின் நட்டில் வைத்துவிட்டான்.

"தம்பி, நில்லு. கேஸ் இருக்கா பார்த்தியா?"

"மூணு வருஷமா ஓடலை சார். கேஸ் எப்பவோ போயிருக்கும்."

"போயிருந்தா கேஜ் சொல்லட்டும்."

கேஜை மாட்டினோம். காலை நேரம், நிழலில் 30 டிகிரி வெப்பம். முள் 90 பவுண்டைத் தாண்டி நின்றது. ஆர்-12 அந்த வெப்பத்தில் திரவமாகவும் ஆவியாகவும் ஒன்றாக இருந்தால் காட்ட வேண்டிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 93 பவுண்டு. அதாவது உள்ளே இன்னும் திரவம் இருக்கிறது. (எவ்வளவு இருக்கிறது என்று கேஜ் சொல்லாது; ஒரு சொட்டுத் திரவம் இருந்தாலும் அதே அழுத்தம்தான். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களுக்கு மட்டும் இந்தக் குறிப்பு.) ஏ.சி. நின்றதற்குக் காரணம் கேஸ் இல்லை. கிளட்ச் காயில் எரிந்திருந்தது.

அந்த நட்டை அவன் தளர்த்தியிருந்தால் 'புஸ்'ஸென்று ஒரு நிமிஷம். அவ்வளவுதான், முடிந்திருக்கும். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஆர்-12, நூறு வருஷக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் ஏறக்குறைய 10,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. அப்படியானால் அந்த ஒரு கிலோ கேஸ் சுமார் 4,700 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்குப் பத்து கிலோ மீட்டர் கொடுக்கும் அம்பாசடரை 47 ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டினது போல! ஓசோன் கணக்கு இதில் சேரவில்லை, அது தனி. இதை நான் பானெட் மேலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். பையன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு நாளா எத்தனை வண்டியில திறந்து விட்டிருக்கேன் சார்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தோழரிடம் உள்ளதைச் சொன்னேன். "கேஸ் இருக்கு. கிளட்ச் காயில் மாத்தினா ஏ.சி. திரும்ப ஓடும்டா. ஆனா புல்லி பேரிங் சத்தம் போடுது, ஷாஃப்ட் சீல் பக்கம் எண்ணெய் கசிஞ்சிருக்கு. இன்னும் ஒரு கோடை தாங்கலாம், தாங்காமலும் போகலாம். நீயே சொல்லு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அப்பா இதை மாட்டினதே அம்மாவுக்காகத்தான்டா. அம்மாவுக்கு வெயில் ஒத்துக்காது. இப்போ ரெண்டு பேரும் இல்லை. எனக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுட்டுப் போறதுதான் பிடிக்கும். வண்டி கொதிக்காம இருந்தாப் போதும், எடுத்துடு."

கேஸை எடுக்க மெஷின் வேண்டும். இந்தக் கேஸ்களை நிறுத்தும் தேசியத் திட்டத்தில் 2004-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் தேறிய ஃப்ரிட்ஜ் சர்வீஸ்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் மெஷினையும் திரும்ப நிரப்பக்கூடிய காலி சிலிண்டரையும் ஆட்டோவில் கொண்டுவந்தார். சிலிண்டரை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை நிறுத்தோம். வித்தியாசம் 650 கிராம். ஏழு டன் கரியமில வாயுவைத் தராசில் வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு வேலை சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் பாட்டரி வயரைக் கழற்றினோம். ஹோஸ்களைப் பிரித்ததும் எல்லா வாயையும் மூடி போட்டு அடைத்தோம். திறந்த ஹோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், நாளைக்கு யாருக்காவது உதவுவதாக இருந்தால் கெட்டுப்போகும். இரண்டாவது பெல்ட்டை எடுத்தோம். அம்பாசடரில் விசிறியும் வாட்டர் பம்பும் ஆல்டர்நேட்டரும் தனிப் பெல்ட்டில் ஓடுவதால் இது பிரச்சினையில்லை. ஆனால் ஒரே நீளப் பெல்ட் எல்லாவற்றையும் சுற்றி வரும் வண்டிகள் இருக்கின்றன. ஃபோர்டு மஸ்டாங்கில் 1979-ல் வந்த ஏற்பாடு, இப்போது எல்லா வண்டியிலும் சகஜம். அதில் கம்ப்ரசரை எடுத்தால் பெல்ட்டுக்குப் போக வழியில்லாமல் போகும். அந்த இடத்தில் ஒரு வெறும் புல்லி வைக்க வேண்டும், அல்லது வழியை அளந்து குட்டைப் பெல்ட் போட வேண்டும். போடும்போது வாட்டர் பம்ப் எந்தத் திசையில் சுற்றுகிறது, பெல்ட் ஒவ்வொரு புல்லியையும் எவ்வளவு தூரம் தழுவுகிறது என்று பார்க்காமல் போட்டால் வேறு வினை வரும்.

பிராக்கெட்டை எடுக்கும்போது ஒரு சூட்சுமம். பிராக்கெட்டின் கனத்துக்காக எஞ்சினில் நீளமான போல்ட் போட்டிருப்பார்கள். பிராக்கெட் போன பிறகு அதே போல்ட்டைத் திரும்ப மாட்டினால் துளையின் அடியில் முட்டி நிற்கும். இறுகின மாதிரி இருக்கும், இறுகியிருக்காது. பழைய அளவுக் குட்டை போல்ட்டைத் தேடிப் போட வேண்டும். நாங்கள் தேடிய மூன்று போல்ட்டுக்காக இரண்டு மணி நேரம் கடை கடையாக அலைந்தோம். வயரிங்கையும் டேப் சுற்றித் தொங்க விடக்கூடாது. ஃப்யூஸிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஏ.சி. சுமைக்காகக் கார்புரேட்டரில் ஐடில் வேகத்தை ஏற்றி வைத்திருந்ததைப் பழையபடி இறக்கினோம். கடைசியாகக் கண்டென்சர். அதன் பின்பக்கம் முழுக்க ஒரு கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. அதை எடுத்ததும் ரேடியேட்டர் முகம் கழுவின மாதிரி தெரிந்தது. அன்று சாயங்காலமே கிண்டி பாலத்தடியில் அரை மணி நேரம் நெரிசலில் நின்று பார்த்தோம். முள் பாதியைத் தாண்டவில்லை. மைலேஜ்? பத்து கொடுத்த வண்டி பத்தேதான் கொடுத்தது.

650 கிராம் கேஸையும், அதே வகை ஏ.சி.யை ஒழுங்காகப் பராமரிக்கும் ஒரு பழைய பென்ஸ்காரருக்கு அந்த டெக்னீஷியன் போட்டுக் கொடுத்தார். புதிதாகத் தயாராகாத ஒன்று, இருப்பதைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் ஓட்ட வேண்டும். 2023 ஜனவரியில் ஐ.நா. வெளியிட்ட மதிப்பீட்டின்படி அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும். அதை இந்த மலரைப் படிக்கும் மாணவர்கள் பார்ப்பார்கள். என் செட்டுக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் அதுவும் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. 2016 கிகாலி திருத்தம் அதையும் குறைக்கச் சொல்லிவிட்டது. ஆக, இன்று ஷோரூமில் பளபளக்கும் வண்டிகளின் கம்ப்ரசர்களுக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும்.

கழற்றியவை எதையும் தோழர் எடைக்குப் போடவில்லை, நான் விடவில்லை. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்த அம்பாசடருக்கு 2036-க்கு மேல்தான் அந்த யோகம். வெளியிலிருந்து மாட்டிய ஏ.சி. போனதால் இப்போது வண்டி உத்தரபாராவிலிருந்து வந்த கோலத்துக்குத் திரும்பியிருக்கிறது. இரட்டைக் காடிப் புல்லியை மட்டும் மாற்றவில்லை. ஒரு காடி காலியாகவே சுற்றுகிறது, அதனால் தோஷம் ஒன்றுமில்லை. பிராக்கெட்டும் நீள போல்ட்டுகளும் கிரீஸ் தடவிய காகிதத்தில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. மேலே எது எங்கே என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

யார்க் கம்ப்ரசருக்கு ஒரு சௌகரியம் என்று மேலே சொன்னேன் அல்லவா? தனக்கென்று எண்ணெய்த் தொட்டி உள்ளதால் கேஸ் இல்லாமலும் அதை ஓட்டலாம். காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் இதைத் தேடிப் பிடித்து டயருக்குக் காற்றடிக்கும் பம்பாக மாட்டிக்கொள்கிறார்கள். சாண்டனை அப்படிச் செய்தால் எண்ணெய் இல்லாமல் சீக்கிரமே இறுகிவிடும். அதற்கு எண்ணெய் கேஸோடுதான் சுற்றி வரும். நம் தோழருடைய யார்க்கை ஜீப்காரர் ஒருவர் கேட்டார். தோழர் கொடுக்கவில்லை. பேரிங்கை மாற்றி, பக்கவாட்டில் வெட்டி, நம் கல்லூரி ஆட்டோமொபைல் லேபுக்கு அப்பா பெயரில் கொடுத்துவிட்டார். ஜன்னலோர மேஜையில் இருக்கிறது. புல்லியைக் கையால் திருப்பினால் பிஸ்டன் நகராது. பாட்டரியிலிருந்து கிளட்சுக்கு இரண்டு வயரைக் கொடுத்துவிட்டுத் திருப்புங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், பிஸ்டன் இரண்டும் ஏறி இறங்கும். எரிந்த காயிலுக்குப் பதில் புதுக் காயில் போட்டது அந்த மெக்கானிக் பையன்தான். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.